வேனிலின் வரவும் நீரின் வெம்மையும்

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர்கள் நம் முன்னோர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இஃது ஏட்டுக் கணக்கு. அந்தக் கணக்கு பிழை என்று சொல்ல நான் வரவில்லை. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்து அடிவாரத்திலே, ஒன்றுக்கொன்று பத்துப் பதினொரு கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழ்கின்றவர்களைக் கேட்டால், மாசி பிறந்து பத்து நாள் ஆவதற்குள் பனி போயிற்று என்றே சொல்லுவார்கள். ஏடு பின்பனி என்று எழுதி வைத்திருக்கும் காலத்திலேயே வேனில் எங்கள் வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

அப்படி அது வந்து நிற்பதை நாங்கள் எவ்வெவ் அடையாளங்களால் அறிகிறோம் என்பதையும், அந்த அடையாளங்கள் தோன்றிய பின்னரும் கண்மாய் நீரும் குளத்து நீரும் ஏன் உடனே வெதுவெதுப்பு அடைவதில்லை என்பதையும் நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். கேட்பதற்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். நீரில் இறங்கத் துடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சிறிய செய்தி அன்று.

குளிர்ந்த நீரைப் பற்றியும் வேனிலைப் பற்றியும் பேசுகின்றவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பெருமாட்டியை நினையாமல் இருக்க முடியாது. ஆண்டாள் அருளிய திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் மார்கழி நீராட்டைப் பற்றியவை என்பது சிறு பிள்ளைகளும் அறிந்தது. இன்றும் மார்கழியில் நீராட்டு விழா திருமுக்குளத்தை ஒட்டித்தான் நடைபெறுகிறது. ஆனால் அதே ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியைப் பலர் அவ்வளவாகப் படிப்பதில்லை. 143 பாசுரங்கள் கொண்ட அந்நூல் தை மாதத்தில் தொடங்குகிறது. தையில் தரை விளக்கி, மாசி முன்னாளில் வேனிலுக்கு உரியவனான காமனைத் தொழுது நிற்கும் நோன்பை அது சொல்கிறது. பின்னர் ஒரு பதிகம் முழுவதும் குயிலை விளித்துப் பாடியது. மார்கழி, தை, மாசி, அதன்பின் குயில் என்ற இந்த வரிசை எங்கள் ஊர் வானிலையோடு ஒட்டியே செல்வதைக் கண்டு நான் பலமுறை வியந்திருக்கிறேன். அந்நூலின் மூன்றாம் பதிகம் விடியுமுன் பொய்கையில் இறங்கிய ஆய்ச்சியரின் முறையீடு. நீரில் நெடுநேரம் நிற்க இயலாமல் தவிப்பதையும், தாமரைத் தண்டு காலைப் பற்றுவதையும், மீன்கள் காலைக் கவ்வுவதையும் அவர்கள் சொல்லி இரங்குகிறார்கள். பக்திச் சுவையை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், குளத்தில் இறங்கிப் பழகிய ஒருவர் கண்டு சொன்ன செய்தி அது. தாமரைத் தண்டின் பிடியைப் பற்றிப் பின்னால் வேறு காரணத்திற்காக நான் பேச வேண்டியிருக்கும்.

இனி அடையாளங்களுக்கு வருவோம். முதலில் தெரிவது மாமரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, இரவுகள் குளிர்ந்து, மண் சற்று உலர்ந்தவுடன் தையிலேயே பூங்கொத்து நீட்டத் தொடங்கிவிடும். ராஜபாளையத்துச் சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மாம்பழங்களின் சுவையை அறிந்தவர்கள் அந்தப் பூவின் மணத்தையும் ஒருமுறை வந்து அறிய வேண்டும். மாலை நேரத்தில் ஐயனார் கோயில் சாலையில் மலையை நோக்கி நடந்தால், தோப்புக்குத் தோப்பு அந்த மணம் மாறுவதை மூக்கே சொல்லும். ஆனால் மாம்பூ வேனிலின் அடையாளம் அன்று. அது குளிருக்கும் வறட்சிக்கும் மரம் கூறும் மறுமொழி. வேனில் வரப்போகிறது என்பதற்கு முன்னறிவிப்பு என்று வேண்டுமானால் கொள்ளலாம்.

அடுத்தது இலவமரம். இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, வெறுங்கிளையில் செந்நிறப் பூக்களைத் தாங்கி நிற்கும். மைனாவும் காக்கையும் அணிலும் தேனுக்காக அதில் மொய்த்துக் கிடக்கும். கல்யாண முருங்கையும் அப்படியே. அரசமரம் மாசியில் பழுப்பு உதிர்த்துச் சில நாட்களிலேயே செம்பு நிறத் தளிரால் தன்னை மூடிக்கொள்ளும். அந்தத் தளிர் பசுமையாக மாறுவதற்குள் புங்கமும் வேம்பும் பூத்துத் தெருவெல்லாம் பொரி இறைத்தாற்போல் உதிர்க்கும். புளியந்தோப்புகளில் உலுக்கும் ஓசை கேட்கும். பனையேறிகள் பதநீர் இறக்குவார்கள். நுங்கு வந்துவிட்டால் அதன்பிறகு அடையாளம் தேடவேண்டியதில்லை.

குயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. குளிர்காலம் முழுவதும் குயில் எங்கேயோ போய்விடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது எங்கும் போவதில்லை. அதே ஆலமரத்தில், அதே வேம்பில், வாய் திறவாமல் பழம் தின்றுகொண்டிருக்கும். மாசியில்தான் அதன் குரல் எழும். கூவுவது கருநிற ஆண் குயில். பெண் குயிலோ புள்ளியிட்ட பழுப்பு உடலுடன் இலைமறைவில் இருந்து 'கிக்கிக்' என்று கத்துவதோடு சரி. நம் கவிஞர்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனித்ததில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. பறவைகளுள் பல, பகற்பொழுதின் நீளம் கூடுவதை உடலால் உணர்ந்து இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாகின்றன. குயிலுக்கோ மற்றொரு கணக்கும் உண்டு. காக்கை கூடு கட்டினால்தான் குயில் முட்டையிட முடியும். ஆகவே குயில் கூவுகிறது என்றால் காக்கை சுள்ளி பொறுக்குகிறது என்று பொருள். என் மாணவர்களிடம், குயிலைக் கேட்டால் காக்கையைப் பாருங்கள் என்று சொல்வது என் வழக்கம்.

வருகின்றவற்றைப் போலவே போகின்றவையும் அடையாளமே. சூறைக்குருவி என்றும் சோளப்பட்சி என்றும் சொல்லப்படும் பறவை, இளஞ்சிவப்பு உடலும் கருந்தலையும் உடையது. மத்திய ஆசியாவிலிருந்து வந்து நம் கரிசல் காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும். மாலையில் கருவேலங்காட்டுக்கு மேலே ஆயிரக்கணக்கில் புகைபோலச் சுழன்று எழும் அந்தக் கூட்டம் பங்குனி முடிவதற்குள் மெலிந்து, சித்திரையில் இல்லாமற் போகும்.

இத்தனை அடையாளங்களுக்கும் அடிப்படையான அடையாளம் ஒன்று உண்டு. அது கதிரவனின் நிழல். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் கற்ற எளிய சோதனை இது. ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைப் பள்ளி முற்றத்தில் செங்குத்தாக நட்டு, உச்சிப்பொழுதில் அதன் நிழலை அளக்க வேண்டும். எங்கள் ஊர்களில் உச்சிப்பொழுது என்பது கடிகாரத்தில் 12 மணி அன்று. நம் நாட்டின் பொது நேரம் கிழக்கே உள்ள தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், ஏறக்குறைய 20 நிமிடமோ பருவத்திற்கேற்பச் சற்று மிகுதியாகவோ பிந்தி வரும். மார்கழியில் அந்த நிழல் 65 சென்டிமீட்டர் வரை நீளும். தை முதல் நாளில் சுமார் 60. மாசி முதல் நாளில் 42. பங்குனி முதல் நாளில் 21. சித்திரை முதல் நாளிலோ நிழலே இராது! ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் வடக்கு அட்சரேகை ஒன்பதரைப் பாகையில் உள்ளன. ஏப்ரல் 14ஐ ஒட்டிய நாளில் கதிரவன் சரியாக அந்த இடத்திற்கு நேர் மேலே வந்து நிற்கிறான். தமிழ்ப் புத்தாண்டு நாளில் கோலின் அடியில் நிழல் ஒடுங்கிவிடுவதைக் கண்ட பிள்ளைகள், பஞ்சாங்கம் என்பது வெறும் அச்சடித்த தாள் அன்று என்பதை எவரும் சொல்லாமலே உணர்ந்துகொண்டார்கள்.

மார்கழி முழுவதும் ஏறத்தாழ அசையாது நின்ற நிழல், தைக்குப் பின் மாதம் இருபது சென்டிமீட்டர் வீதம் சுருங்குவதைக் கவனிக்க வேண்டுகிறேன். அதாவது, வெப்பம் நாளொரு வண்ணமாக ஏறுகிறது. காற்று அதை உடனே ஏற்றுக்கொள்கிறது. பாறையும் படிக்கட்டும் அதைவிட விரைவாக ஏற்றுக்கொள்கின்றன. மாசி நடுப்பகலில் குளத்துப் படியில் வெறுங்காலை வைத்தால் சுடும். அதே காலை நீரில் வைத்தால் உடல் சிலிர்க்கும். இரண்டுக்கும் இடையே ஒரு சாண் தூரந்தான். இது எப்படி?

நீர் வெப்பத்தை ஏற்பதில் மிகவும் தயங்கும் பொருள். ஒரு கன மீட்டர் காற்றின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்தப் போதுமான வெப்பம், அதே கன அளவுள்ள நீரை ஒரு டிகிரியில் மூவாயிரத்தைந்நூறில் ஒரு பங்குதான் உயர்த்தும். போதாக்குறைக்கு நீர் தான் பெற்றதையும் வைத்துக்கொள்வதில்லை. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதை அது எஞ்சிய நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வறண்ட காற்று வீசும் மாசி பங்குனி நாட்களில் திறந்த நீர்நிலையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். அதற்குச் செலவாகும் வெப்பத்தைச் செலவாகாமல் நிறுத்தி வைக்க முடியுமானால், ஒரு மீட்டர் ஆழமுள்ள நீரை ஒரே நாளில் ஏறக்குறைய 3 டிகிரி உயர்த்திவிடலாம். கதிரவன் பகலெல்லாம் ஊட்டியதைக் காற்று இரவெல்லாம் களவாடிக்கொண்டு போகிறது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே களவினால்தான். பானையில் அதை வரவேற்கிறோம். குளத்தில் அதை நோகிறோம்.

கிணற்று நீரின் இயல்பு வேறு. நிலத்தடி நீர் அந்தந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே ஆண்டு முழுவதும் இருக்கும். அதனால் மார்கழி விடியலில் இறைத்தவுடன் அது வெதுவெதுப்பாகவும், சித்திரைப் பகலில் குளிர்ச்சியாகவும் தோன்றுகிறது. மாறுவது நீர் அன்று. நம்மைச் சூழ்ந்த காற்றுத்தான். எனவே மார்கழியில் நடுக்கமின்றி நீராட வேண்டுமென்றால் குளத்திற்குப் போகாமல் கிணற்றடிக்குப் போகலாம். ஆண்டாளின் தோழியர் அப்படிச் செய்திருந்தால் நமக்குத் திருப்பாவை கிடைத்திராது.

நீர் சூடேறும்போது மேலிருந்து கீழாக ஏறுகிறது. வெப்பமடைந்த நீர் இலேசானது. அது மேலேயே தங்கிவிடும். ஆகையால் பங்குனி மாதத்தில் கண்மாயின் மேல்மட்டம் இதமாக இருக்கும். இடுப்புக்குக் கீழே குளிரும். பாதத்திற்கு நடுக்கம் கொடுக்கும். நான்கைந்து ஆள் ஆழமுள்ள தோட்டக் கிணறுகளில் இந்த வேறுபாடு மிகவும் கடுமையானது. மேலிருந்து குதிப்பவன் வெதுவெதுப்பான நீர் என்று நம்பிக் குதிக்கிறான். ஒரு நொடியில் குளிர்ந்த படலத்தினுள் போய்விடுகிறான். திடீர்க் குளிர்ச்சி பட்டால் நம்மையறியாமல் மூச்சை உள்ளே இழுப்போம். தலை நீருக்குள் இருக்கும்போது இழுத்தால் வருவது காற்றன்று.

குளிர்நாடுகளில் இந்த ஆபத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்தைச் சூழ்ந்த கடல், நிலத்தில் பூக்கள் மலரத் தொடங்கும் பிப்ரவரி மார்ச்சு மாதங்களில்தான் ஆண்டிலேயே மிகவும் குளிர்ந்திருக்கிறது. வெயிலைக் கண்டு ஏமாந்து நீரில் இறங்குபவர்கள் 15 டிகிரிக்குக் குறைந்த நீரில் மூச்சுத் திணறி இறக்கிறார்கள். நம் கண்மாய்களில் அவ்வளவு குளிர் என்றும் ஏற்படுவதில்லை. ஆயினும் நெடுநேரம் நீரில் இருக்கும் பிள்ளைக்கு நம் மார்கழி நீரே போதும்; நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாகக் கடத்திக்கொண்டு போகும். நீச்சல் போட்டிகளுக்கு உலக விதி வகுத்தவர்கள் குளத்து நீர் 25 டிகிரி முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்று வரையறுத்திருப்பதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கெல்லாம் இப்பொழுது எனக்கு மீண்டும் நினைவுக்கு வரக் காரணம் என் பேரன். சென்னையில் வேலை பார்க்கும் அவன் கோவளத்துக் கடலில் ஒரு புது விளையாட்டைக் கற்றுக்கொண்டான். நீண்ட பலகை ஒன்றின் மேல் நிமிர்ந்து நின்றுகொண்டு, தன் உயரத்தினும் ஒரு சாண் மிகுந்த துடுப்பினால் நீரைத் தள்ளிச் செல்வது. பலகை மரத்தால் ஆனதன்று. காற்றடைத்துப் பயன்படுத்திவிட்டுப் பாய்போலச் சுருட்டி வைப்பது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு ஹவாய்த் தீவுகளிலிருந்து உலகெங்கும் பரவிய விளையாட்டு இது என்று அவன் எனக்கு விளக்கினான். நான் சிரித்துக்கொண்டேன். நம் சோழமண்டலக் கடற்கரைப் பரதவர்கள் கட்டுமரத்தின் மேல் மண்டியிட்டும் நிமிர்ந்து நின்றும் துடுப்புப் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பயண நூலில் அந்தச் சொல்லையே எழுதி வைத்தார். சொல் ஆங்கிலத்திற்குப் போய், அங்கே இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயராகிவிட்டது. மரங்களைக் கட்டியதால் கட்டுமரம் என்ற காரணப்பெயரை அங்கே யாரும் அறியார். கடற்கரையிலிருந்து தொலைவில் இருக்கும் எங்கள் ஊர்களிலும் இவ்வகை வித்தை இல்லாமலில்லை. வாழைத்தாரை வெட்டியபின் நிற்கும் மரங்கள் மூன்றை மூங்கில் குச்சியால் கோத்துத் தெப்பமாக்கி, அதன்மேல் நிற்க முயன்று விழுந்து எழாத பையன் ராஜபாளையத்தில் என் தலைமுறையில் இல்லை. நீச்சல் பழகச் சுரைக்குடுக்கையும், மூடி அடைத்த மண்ணெண்ணெய்த் தகரமும் முதுகில் கட்டிக்கொண்டோம்.

பொங்கலுக்கு வந்த பேரன், மறுநாளே பலகையை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போகவேண்டும் என்றான். "தாத்தா, தண்ணி ததும்பிக் கிடக்கு, இப்ப விட்டா எப்ப?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் பகுதியின் இடர்ப்பாடே அதில்தான் அடங்கியிருக்கிறது. எங்கள் கண்மாய்கள் ஐப்பசி கார்த்திகை மழையில் நிறைகின்றன. தை மாதத்தில் கலுங்கு தொட்டு நிற்கும், ஆனால் குளிர்ந்திருக்கும். சித்திரையில் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் நீர் இராது. மடை வழியே நெல்லுக்குப் போனது போக, வெயில் குடித்தது போக, எஞ்சுவது முழங்கால் சேறும் கொக்குகளுந்தான். குளிர்நாட்டவர் நீர் சூடேறும்வரை காத்திருந்தால் போதும். ஏரி அங்கேயே இருக்கும். நாமோ சூடேறுவதையும் வற்றுவதையும் ஒருசேரக் கவனித்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம், மழை நன்றாகப் பெய்த ஆண்டில், மாசி நடுப்பகுதி முதல் பங்குனி முடிவு வரை உள்ள ஆறு வாரம். மழை பொய்த்த ஆண்டில் அந்த ஆறு வாரமும் இல்லை. திருமுக்குளத்தில் நீர் நின்றால்தான் மாசியில் தெப்பத்திருவிழா. இல்லாவிடில் தெப்பம் கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். மனிதரின் தெப்பத்திற்கும் அதே விதி.

ஆகவே மாசி பாதிவரை பொறுத்திரு என்றேன். பேரனுக்கு அது விளங்குவதற்காக ஒரு வேலையும் கொடுத்தேன். என்னிடம் இருந்த பழைய உஷ்ணமானியை ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஊருக்கு வரும் சனிக்கிழமைதோறும் விடியலிலும் பிற்பகலிலும் கரையிலிருந்து மூன்று ஆழங்களில் பார்த்து எழுதச் சொன்னேன். கயிற்றை மேலே இழுப்பதற்குள் மேல்நீர் பட்டுக் கணக்கு மாறிவிடாதிருக்க, உஷ்ணமானியை ஒரு சிறு புட்டிக்குள் வைத்து, அந்தப் புட்டியிலேயே அந்த ஆழத்து நீரை மொண்டு வரவேண்டும். பிற்பகலில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் வேறுபாடு மிகுதியாகவும், விடியலில் இரண்டும் நெருங்கியும் இருப்பதை அவனே கண்டுகொண்டான். இரவில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்குவதால் அப்படியாகிறது. விடியற்காலத்து அளவு உயர்ந்தால்தான் கண்மாய் மெய்யாகவே சூடேறியிருக்கிறது என்று பொருள். பிற்பகல் அளவு வெறும் தோல்சூடு.

எந்த நீரில் இறங்கலாகாது என்பதே எந்த நாளில் இறங்கலாம் என்பதைவிட முதன்மையான கேள்வி. குடிநீருக்கென்று தேக்கிய நீரில் குளிப்பதும் பலகை விடுவதும் முறையன்று. ஆறாம் மைல் நீர்த்தேக்கத்தை ஆசையோடு பார்த்த பேரனுக்கு அதை ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். ஐயனார் கோயில் ஆறும், செண்பகத்தோப்பை ஒட்டிய ஓடைகளும் வேறு வகை. அங்கே நீர் மரநிழலிலும் பாறையிடுக்கிலும் ஊறி வருவதால், ஊருக்குள் வியர்க்கும் நாளிலும் குளிர்ந்தேயிருக்கும். அந்த மலைப்பகுதி 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற அணிலுக்கென்று சரணாலயமாகவும், 2021ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. வனத்துறையினர் சில நாட்களில் அருவிப் பக்கம் போகவிடாமல் தடுக்கும்போது, வெயில் காய்கிறதே, ஏன் தடுக்கிறீர்கள் என்று சண்டையிடுவோரைப் பார்த்திருக்கிறேன். கோடையில் மலையுச்சியில் பெய்யும் இடிமழை அடிவாரத்திற்குத் தெரிவதில்லை. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரி மலைப்பாதையில் அவ்வாறு திடீரென்று வந்த வெள்ளத்தில் அடியார்கள் சிலர் உயிரிழந்தார்கள். வெதுவெதுப்பான நீரைத் தேடிப் போவோர், கணுக்காலளவு ஓடும் தெளிந்த நீர் கலங்கி நிறம் மாறினால், செருப்பை எடுக்கவும் நில்லாமல் கரையேறிவிட வேண்டும்.

கண்மாயிலும் இன்று ஓர் இடையூறு மிகுந்திருக்கிறது. முன்பெல்லாம் உழவர்கள் கோடையில் கரம்பை மண்ணைக் கூடையால் மேலாக வழித்து வயலுக்கு அடிப்பார்கள். கண்மாயின் தரை தாம்பாளம்போல் சரிவாக இருக்கும். எத்தனை அடி வைத்தால் கழுத்தளவு வரும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இப்பொழுது இயந்திரங்கள் வெட்டிய இடங்களில் செங்குத்தான குழிகள் உள்ளன. மழை வந்து நிரம்பியபின் மேலே ஒரே நீர்ப்பரப்பு. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் இரண்டாள் ஆழம். குழியின் ஓரத்தில் ஆகாயத்தாமரையும் பாசியும் அடர்ந்து விட்டால், ஆய்ச்சியர் காலைப் பற்றிய அதே தண்டுகள் இங்கேயும் பற்றும். அதனால்தான் பேரனை முதல் நாள் பலகையில் ஏற்றாமல், வற்றிய கோடையில் அந்தக் கண்மாயைக் கண்ட மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். நீர் இருக்கும்போது அதன் அடியை அறிந்தவர் அவரைப் போன்றவரே. எங்கே முட்செடி மூழ்கிக் கிடக்கிறது, எங்கே குழி என்று கரையில் நின்றே அவர் விரலை நீட்டிக் காட்டினார்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இந்த எண்ணைக் கேட்டால் மனம் அசைவதில்லை. எண்ணின் இயல்பு அது. நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில் ஒரு ஜூன் மாதத்தின் முதல் நாள், எட்டாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தேன். ஒரு பெயருக்கு விடை வரவில்லை. இரண்டாம் முறை வாசித்தேன். பின்வரிசையிலிருந்த பையன் எழுந்து, "சார், அவன் சித்திரையில கிணத்துல..." என்று தொடங்கி, முடிக்காமல் உட்கார்ந்துவிட்டான். நீச்சல் தெரிந்த பையன் அவன். நல்ல வெயில் நாள். அவனுக்கு முன்னே மூவர் குதித்து மேலே வந்திருக்கிறார்கள். அந்த ஆண்டிலிருந்து, முழுத்தேர்வு முடிந்து பள்ளி மூடும் கடைசி நாளில் நான் வேறெந்தப் பாடமும் நடத்துவதில்லை என்று வைத்துக்கொண்டேன். நீர் மேலே சூடு, கீழே குளிர் என்பதை ஒரு கண்ணாடிக் குவளையில் சாயமிட்ட வெந்நீரையும் தண்ணீரையும் ஊற்றிக் காட்டுவேன். குவளையை அசைக்காமல் ஊற்றினால் சாயம் மேலேயே தங்கி நிற்கும். அறுபது எழுபது பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

பலகைக்கு வருகிறேன். மாசி இருபதுக்குமேல் ஒரு விடியற்காலையில் பேரன் அதைக் கண்மாயில் இறக்கினான். மிதவைச் சட்டை அணிந்தல்லாமல் இறங்கக்கூடாது என்பது என் கட்டளை. பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு அவனே கொண்டுவந்தது. விழுந்தாலும் பலகை விலகிப் போகாதிருக்க அது உதவும். முதலில் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டுக் கரையோரமாகச் சுற்ற வேண்டும். பிறகு கால்களைத் தோளகலத்திற்கு விரித்து, முழங்காலை இலேசாக மடக்கி எழ வேண்டும். காலடியைப் பார்ப்பவன் விழுவான். எதிர்க்கரையைப் பார்ப்பவன் நிற்பான். விழும்போதும் நட்டுக்குத்தலாக விழாமல், மல்லாந்து பரந்து விழவேண்டும். அடியில் கல்லும் முள்ளும் இருக்கக்கூடும் அல்லவா?

விடியலைத் தேர்ந்ததற்குக் காரணம் காற்று. பங்குனி வரையில் காலை எட்டு மணிவரை கண்மாய் கண்ணாடிபோல் இருக்கும். பிற்பகலில் காற்று எழுந்துவிடும். நின்றுகொண்டிருக்கும் மனிதன் ஒரு பாய்மரத்திற்குச் சமம். காற்று அவனை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வருவதற்குக் கையில் வலு இராது. வைகாசிக்கு மேல் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து மேல்காற்று வீசத் தொடங்கினால் பேச்சே இல்லை. காற்றடித்தால் உட்கார்ந்துவிடு, அப்பொழுதும் அடித்தால் குப்புறப் படுத்துக் கையால் துழாவி வா என்று சொல்லி வைத்தேன்.

அந்த ஆறு வாரத்தில் அவன் வந்தது நான்கு சனிக்கிழமைகள். மூன்றாம் சனிக்கிழமை விடியலில் கரைமேட்டுப் பூவரசிலிருந்து குயில் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. கயிற்றில் கட்டிய புட்டியை மேலே தூக்கி உஷ்ணமானியைப் பார்த்தவன், மூன்று முடிச்சுக்கும் ஒரே அளவாக 27 என்று சொன்னான். நான்காம் வாரம் கலுங்கின் கல் வெளியே தெரிந்தது. மடைப்பக்கம் பலகையின் அடியிலுள்ள சிறு துடுப்பு சேற்றில் இடிக்க ஆரம்பித்தது. பங்குனி உத்திரத்தன்று ஆண்டாள் திருக்கல்யாணம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்திப் பார்த்தோம். மீன் குத்தகைக்காரர் ஆட்கள் வலையை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.